பழைய தாளிலிருந்து கிராஃப்ட் காகிதம் செய்யும் ஆலையில் கரியமில வாயுவை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

அமராவதிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகே, பழைய அட்டைப் பெட்டிகளையும் கழிவுத் தாளையும் கூழாக்கி, பெட்டி செய்ய உதவும் உறுதியான பழுப்புக் காகிதமான கிராஃப்ட் காகிதம் செய்யும் ஆலை ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 டன் காகிதம் செய்கிறோம். எங்களிடம் வாங்கும் பெட்டி உற்பத்தியாளர் ஒருவர், திருப்பூரிலிருந்து ஏற்றுமதி செய்யும் பின்னலாடை நிறுவனங்களுக்குப் பெட்டி கொடுக்கிறார். அந்த நிறுவனங்களின் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியிருப்பதால், ஒரு டன் காகிதத்துக்கு எத்தனை கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கையும், அதை வரும் ஆண்டுகளில் எப்படிக் குறைக்கப் போகிறோம் என்ற திட்டத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார்.

ஆலையின் நிலை இதுதான். நிலக்கரியில் ஓடும் கொதிகலனிலிருந்து (சதுர சென்டிமீட்டருக்கு) 10 கிலோ அழுத்தத்தில் வரும் நீராவியை, வால்வு வழியாக 3.5 கிலோவுக்குக் குறைத்து உலர்த்தும் உருளைகளுக்கு அனுப்புகிறோம். ஒரு டன் காகிதத்துக்கு 2 டன் நீராவியும், மின்வாரியத்திடமிருந்து வாங்கும் மின்சாரத்தில் 500 யூனிட்டும் செலவாகின்றன. ஈரத்தாளைப் பிழியும் பிரஸ் பகுதியை விட்டு வெளியே வரும்போது காகிதத்தின் உலர்வு 45 சதவீதம், மீதி நீர். உருளைகளில் குளிர்ந்து நீராகும் கண்டன்சேட்டில் பாதியளவுதான் கொதிகலனுக்குத் திரும்புகிறது.

பங்குதாரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கூரையிலும் காலி நிலத்திலுமாக ஒரு மெகாவாட் சூரிய மின்தகடு போட்டால் போதும் என்கிறார் ஒருவர். நிலக்கரியை விட்டுவிட்டு விவசாயக் கழிவு எரிக்கும் கொதிகலனுக்கு மாறவேண்டும் என்கிறார் இன்னொருவர். நாம் மரமே வெட்டுவதில்லை, பழைய தாளைத்தான் பயன்படுத்துகிறோம், ஆகவே நம்முடைய காகிதம் ஏற்கெனவே சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே, இதில் குறைக்க என்ன இருக்கிறது என்பது மூன்றாமவரின் கேள்வி. கையில் இருக்கும் பணம் ஒரு பெரிய வேலைக்கு மட்டுமே போதுமானது என்பதால், எதை முதலில் செய்வது என்று துறையில் இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அரசின் கார்பன் வரவுத் திட்டம் எங்களைப் போன்ற ஆலைக்கும் பொருந்துமா என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


அளவீடு எழுதியது:

வணக்கம் ஐயா. எரிசக்தித் தணிக்கை வேலையில் இருப்பவன் என்ற முறையில், நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்த வேலை முக்கியம் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

நம் நாட்டு நிலக்கரி ஒரு கிலோ எரித்தால், உங்களுடையதைப் போன்ற கொதிகலனில் ஏறத்தாழ 5 கிலோ நீராவி கிடைக்கும். ஒரு டன் காகிதத்துக்கு 2 டன் நீராவி என்றால் 400 கிலோ நிலக்கரி. ஒரு கிலோ நிலக்கரிக்கு 1.6 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால் 640 கிலோ. மின்சாரத்துக்கு வருவோம். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவை ஒட்டிக் கரியமில வாயு வெளியாகிறது; 500 யூனிட்டுக்கு 350 கிலோ ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 990 கிலோ. அதாவது, நீங்கள் ஒரு டன் காகிதத்தை லாரியில் ஏற்றும்போது ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு ஏற்கெனவே காற்றில் கலந்திருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீராவியிலிருந்து வருகிறது. உங்கள் நிலக்கரியின் ஆய்வகச் சான்றிதழ் கையில் இருந்தால் 1.6 என்ற எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். இறக்குமதி நிலக்கரியில் கிலோவுக்கு வெளியேற்றம் கூடும், ஆனால் நீராவியும் கூடுதலாகக் கிடைப்பதால் இறுதி எண் பெரிதாக மாறாது.

இப்போது முதல் பங்குதாரரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு மெகாவாட் சூரிய மின்தகடு ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட்டை ஒட்டித் தரும். அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,050 டன் கரியமில வாயு குறையும். ஆண்டுக்கு 330 நாள் ஓடும் உங்கள் ஆலையின் மொத்த வெளியேற்றமோ 32,000 டன்னுக்கு மேல். ஆக, கிடைப்பது மூன்று சதவீதம்தான். மின்கட்டணத்தில் மிச்சம் வரும் என்பதால் அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டம் என்று அதை மட்டும் காட்டினால், விவரம் தெரிந்த வாங்குபவர் எவரும் அதை ஏற்கமாட்டார். உலர்த்தும் உருளைக்குத் தேவைப்படுவது வெப்பம். மின்தகடு அந்தப் பக்கமே போவதில்லை.

உடனே செய்யக்கூடியது கண்டன்சேட் வேலை. 3.5 கிலோ அழுத்தத்தில் நீராவி தன் மறைவெப்பத்தைக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டு நீராகும்போதும், கொதிகலனில் அது பெற்ற வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது. அந்த நீரைச் சாக்கடையில் விடுவது நிலக்கரியையே அள்ளிக் கொட்டுவதற்கு ஒப்பானது. அதோடு, மென்னீராக்கச் செலவிட்ட உப்பும் வேதிப்பொருளும் சேர்ந்து போகின்றன. கொதிகலனுக்குள் போகும் நீரின் வெப்பநிலை 6 டிகிரி கூடினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சமாகும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. பாதி கண்டன்சேட் மட்டும் திரும்புகிறது என்றால் கொதிகலனுக்கு நீர் தரும் உங்கள் தொட்டி 60 டிகிரியை ஒட்டி இருக்கும் என்று கருதுகிறேன். அதை 90-க்குக் கொண்டுபோனால் ஐந்து சதவீத நிலக்கரி மிச்சம். குழாய், பம்பு, நல்ல ஸ்டீம் டிராப் (நீராவியைத் தடுத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் கருவி) ஆகியவற்றுக்கு மேல் இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

எதைச் செய்வதற்கு முன்னும் நீராவிக் குழாயில் தனித்தனி மீட்டர் வையுங்கள். கொதிகலன் வாயிலில் ஒன்று, காகித இயந்திரத்துக்குப் போகும் கிளையில் ஒன்று. 2 டன் என்று நீங்கள் சொன்ன எண், எரித்த நிலக்கரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பெரும்பாலான ஆலைகளில் அப்படித்தான் இருக்கிறது.


உலர்த்துபகுதி எழுதியது:

மேலே சொன்ன கணக்கோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் காகித இயந்திரத்தின் பக்கம் வேலை செய்பவன். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது 45 சதவீதம் என்ற எண்தான். உங்களிடம் ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அது பிரஸ் பகுதியில் செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காகிதம் செய்வது என்பது அடிப்படையில் நீரை வெளியேற்றும் வேலை. நீர் வடியும் வலையான வயரின் மேல் கூழ் விழும்போது அதில் நூற்றுக்கு 99 பங்கு நீர். வயரில் வடிந்தும் உறிஞ்சப்பட்டும் போவது மிகப் பெரும்பகுதி. அதற்குச் செலவு குறைவு. அடுத்து பிரஸ் உருளைகள் பிழிந்தெடுக்கின்றன; அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். மீதி நீரை ஆவியாக்கியே தீரவேண்டும், அங்கேதான் உங்கள் நிலக்கரி முழுவதும் போகிறது. நன்றாகப் பிழியாத வேட்டியை அடுப்பின் மேல் காயப்போட்டு விறகு போதவில்லை என்று சொல்வதைப் போன்றதுதான், பிரஸ்ஸைக் கவனிக்காமல் கொதிகலனை மட்டும் மாற்றுவது.

கணக்கைப் பாருங்கள். முடிந்த காகிதம் 93 சதவீத உலர்வில் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு டன்னில் 930 கிலோ நார்ப்பொருள். பிரஸ்ஸை விட்டு 45 சதவீதத்தில் வந்தால், உருளைகள் ஆவியாக்க வேண்டிய நீர் 1,067 கிலோ. 46 சதவீதத்தில் வந்தால் 1,022 கிலோ. உலர்வு ஒரே ஒரு புள்ளி கூடியதற்கு உலர்த்தும் சுமை நான்கு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இதையே 50 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் ஆவியாக்க வேண்டியது 860 கிலோ. ஒரு டன் காகிதத்துக்கு 200 கிலோவுக்கு மேல் நீர் குறைந்துவிட்டது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 1.3 கிலோ நீராவி என்று வைத்தால், டன்னுக்கு 270 கிலோ நீராவி, அதாவது 54 கிலோ நிலக்கரி மிச்சம். உங்கள் ஆலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,780 டன் நிலக்கரி. 2,800 டன்னுக்கு மேல் கரியமில வாயு. ஒரு மெகாவாட் சூரிய மின்தகடு தருவதைப் போல் இரண்டரை மடங்குக்கும் கூடுதல்.

இதற்கான வழிகளில் மிகவும் பயனுள்ளது ஷூ பிரஸ். சாதாரண பிரஸ்ஸில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடும் இடம் மிகக் குறுகியது. காகிதம் அந்த அழுத்தத்தில் இருக்கும் நேரமும் நொடியில் மிகச் சிறிய பங்கு. ஷூ பிரஸ்ஸில் ஓர் உருளைக்குப் பதிலாக, உருளையின் வளைவுக்கு ஏற்ற ஓர் அகலமான அழுத்துபலகை இருப்பதால், அழுத்தும் நேரம் பல மடங்கு கூடுகிறது. 1980-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட தொழில்நுட்பம் இது. நம் பகுதிச் சிறு ஆலைகள் அதன் விலையைக் கண்டு தயங்குவது நியாயமே; உங்கள் இயந்திரத்தின் வேகமும் அடித்தளமும் அதற்கு ஏற்றவையா என்று பார்க்காமல் நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஷூ பிரஸ் வைக்க முடியவில்லை என்றாலும் இரண்டு மூன்று புள்ளிகளைக் கூட்டும் வழிகள் இருக்கின்றன. பிரஸ்ஸில் தாளோடு சேர்ந்து ஓடி நீரை வாங்கிக்கொள்ளும் துணியான ஃபெல்ட்டைத் தூய்மையாக வைக்கும் உறிஞ்சுபெட்டிகளின் வெற்றிடம் போதுமானதாக இருக்கவேண்டும்; பழைய தாளில் வரும் பசையும் மெழுகும் ஃபெல்ட்டின் துளைகளை அடைத்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் நீருக்குப் போக இடமில்லை. உருளையின் மேற்பரப்பில் பள்ளவரிகள் வெட்டுவதும், ரப்பர் உறையின் கடினத்தன்மையை மாற்றுவதும் பயன் தரும். பிரஸ்ஸுக்கு முன்னால் நீராவிப் பெட்டி ஒன்றை வைத்துத் தாளைச் சூடாக்கினால், நீரின் பாகுத்தன்மை குறைந்து எளிதாகப் பிழிபடும். தாளின் வெப்பம் 10 டிகிரி கூடினால் உலர்வு ஏறத்தாழ ஒரு புள்ளி கூடும் என்பது அனுபவக் கணக்கு. நீராவி கொடுத்து நீராவியை மிச்சம் பிடிப்பதா என்று தோன்றலாம். ஆனால் கொடுப்பதைக் காட்டிலும் மிச்சமாவது அதிகம்.

அடுத்து ஸ்டார்ச். உயர் பி.எஃப். (அழுத்தத்தில் வெடிக்காமல் தாங்கும் வலிமையின் அளவு) காகிதத்துக்கு, தாளின் மேல் கரைசல் பூசும் சைஸ் பிரஸ்ஸில் ஸ்டார்ச் ஏற்றுபவராக இருந்தால், நீங்கள் ஒருமுறை உலர்த்திய காகிதத்தை மறுபடியும் நனைத்து மறுபடியும் உலர்த்துகிறீர்கள். ஒரு டன் காகிதத்தில் 40 கிலோ ஸ்டார்ச் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 8 சதவீதக் கரைசலில் கொடுத்தால் அதனுடன் 460 கிலோ நீர் உள்ளே போகிறது. நொதியால் நன்றாக உடைத்த ஸ்டார்ச்சை 12 சதவீதத்தில் கொடுத்தால் 293 கிலோ நீர் போதும். காகிதத்தின் வலிமை குறையவில்லை, 167 கிலோ நீரை ஆவியாக்கும் வேலை மட்டும் இல்லாமல் போய்விட்டது. இதற்குப் புதிய இயந்திரம்கூடத் தேவையில்லை. ஸ்டார்ச் காய்ச்சும் இடத்தில் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

அதிகமாக உலர்த்துவதும் பல ஆலைகளில் பழக்கமாகிவிட்டது. தாளின் அகலம் முழுவதும் ஈரம் சமமாக இல்லாததால், ஈரமான ஓரத்தைக் காய வைப்பதற்காக மற்ற பகுதியை 95, 96 சதவீதம்வரை காய்ச்சுகிறார்கள். அகலவாக்கில் ஈரத்தைச் சமப்படுத்தினால், வாங்குபவர் ஏற்கும் 7 சதவீத ஈரத்திலேயே சுற்றி எடுக்கலாம். உருளைக்குள் கண்டன்சேட் தேங்கி ஒரு நீர்வளையமாகச் சுழன்றுகொண்டிருந்தால் வெப்பம் தாளுக்குப் போவதைத் தடுக்கும். அந்த நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாய்களைச் சரிபார்த்தால் தெரிந்துவிடும். உலர்த்தும் பகுதியின் மேல் இருக்கும் கூண்டு (ஹுட்) திறந்ததாக இருந்தால் அதை மூடிய ஹுட்டாக மாற்றி, வெளியேறும் ஈரக்காற்றின் வெப்பத்தில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்லவேண்டும்: தாள் அறுந்துபோகும் நேரம். தாள் அறுந்தாலும் உருளைகள் சூடாகத்தான் இருக்கின்றன, மோட்டார்கள் ஓடத்தான் செய்கின்றன. அறுந்த தாள், தாளை நீரில் கலக்கிக் கூழாக்கும் பல்பருக்குத் திரும்பிப் போய், அதே நாருக்கு இரண்டாம் முறையாக நீராவியும் மின்சாரமும் செலவாகின்றன. கூழைச் சுத்தம் செய்யும் பகுதியைச் சரியாக வைத்து அறுபடுதலைக் குறைப்பதை யாரும் கார்பன் திட்டத்தில் எழுதுவதில்லை, எழுதவேண்டும்.


சக்கைக்கூழ் எழுதியது:

உங்கள் மூன்றாவது பங்குதாரரின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவர் நினைப்பதைப் போலவே பலரும் நினைக்கிறார்கள்.

பழைய தாளை மறுபடியும் கூழாக்க, மரத்தைக் கூழாக்குவதைக் காட்டிலும் மிகக் குறைந்த ஆற்றல் போதும் என்பது உண்மை. ஆனால் ஆற்றலின் அளவு வேறு, அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது வேறு. கிராஃப்ட் முறையில் மரத்தை வேகவைக்கும் ஆலையில், மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதிதான் நாராக வெளியே வருகிறது. மறுபாதியில் இருக்கும், நார்களை ஒட்டவைக்கும் லிக்னின் முதலியவை கரைந்து பிளாக் லிக்கர் எனப்படும் கருநிறச் சாறாகிவிடும். அந்தச் சாற்றை ஆவியாக்கிக் கெட்டியாக்கி, மீட்புக் கொதிகலனில் எரித்தால், வேகவைக்கப் பயன்பட்ட சோடா வேதிப்பொருள்கள் திரும்பக் கிடைக்கின்றன. கூடவே ஆலையின் நீராவித் தேவையில் பெரும்பகுதியும் நிறைவேறுகிறது. 1930-களில் இந்தக் கொதிகலன் வடிவம் பெற்றதனால்தான் கிராஃப்ட் முறை உலகம் முழுவதும் மற்ற முறைகளை வென்றது. பின்லாந்தின் ஆனெகோஸ்கி நகரில் மெட்சா குழுமம் 2017-இல் தொடங்கிய கூழ் ஆலை புதைபடிவ எரிபொருள் எதையும் பயன்படுத்தாமல் இயங்குகிறது. தனக்குத் தேவையானதைப் போல் 2.4 மடங்கு மின்சாரம் உற்பத்தி செய்கிறது. அந்த வேதிப்பொருள் மீட்பில் பயன்படும், வழக்கமாக எண்ணெயோ எரிவாயுவோ கேட்கும் சுண்ணாம்புச் சூளைக்குக்கூட அங்கே மரப்பட்டையிலிருந்து எடுத்த வாயுவைக் கொடுக்கிறார்கள்.

பழைய தாள் ஆலைக்கு இந்த வசதி கிடையாது. உங்கள் பல்பருக்குள் வரும் நாரிலிருந்து லிக்னின் ஏதும் கரைந்து வருவதில்லை. எரிக்கச் சாறு இல்லை. ஆகவே ஒவ்வொரு கிலோ நீராவிக்கும் வெளியிலிருந்து எரிபொருள் வாங்குகிறீர்கள், அது நிலக்கரியாக இருக்கிறது. மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால் நீங்கள் முன்னால் நிற்பீர்கள்; புதைபடிவக் கரியமில வாயுவை மட்டும் கணக்கிட்டால், நல்ல மீட்புக் கொதிகலன் உள்ள ஒரு மரக்கூழ் ஆலை உங்களை முந்திவிடும். இதைச் சொல்வதால் பழைய தாளைப் பயன்படுத்துவது வீண் என்று ஆகாது. குப்பைமேட்டில் மட்கினால் மீத்தேனாக மாறக்கூடிய தாளை நீங்கள் மீட்கிறீர்கள், மரத்தின் மேல் இருக்கும் சுமையையும் குறைக்கிறீர்கள். ஆனால் அந்த நன்மை கொதிகலனின் புகைபோக்கியில் வருவதைக் கழித்துவிடாது. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுவதே நேர்மை.

மூலப்பொருளைப் பற்றிய கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. கரும்புச்சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. மரத்தைச் சாராமல் காகிதம் செய்யலாம் என்பதை இவ்வளவு பெரிய அளவில் நிறுவிக் காட்டியது, என் பார்வையில், தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சர்க்கரை ஆலை அந்தச் சக்கையைத்தான் தன் கொதிகலனில் எரித்து வந்தது. சக்கையைக் காகிதத்துக்குக் கொடுத்தால் அதற்கு ஈடாக வேறு எரிபொருள் வேண்டும். அப்படித்தான் சக்கைக்கு மாற்றாக நிலக்கரியை வழங்கும் ஏற்பாடு வந்தது. மரம் மிச்சமாயிற்று, நிலக்கரி கூடிற்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. அதே ஆலையில் சக்கை கழுவிய கழிவுநீரிலிருந்து மீத்தேன் வாயுவைப் பிடித்துச் சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரித்தார்கள். அந்தத் திட்டம் கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சி முறையின் கீழ் (வெளியேற்றத்தைக் குறைத்ததற்குக் கார்பன் வரவு தரும் ஏற்பாடு) வந்தது. இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி இருக்கிறது.

உங்கள் கழிவுநீரில் பழைய பெட்டிகளிலிருந்து கரைந்த ஸ்டார்ச் நிறைய இருக்கும். அதைத் திறந்த குட்டையில் தேக்கினால் அடியில் மீத்தேன் உருவாகி வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மூடிய காற்றில்லாக் கலத்தில் சுத்திகரித்தால், நீக்கப்படும் ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் (கழிவுநீரின் மாசுச் சுமையை, அதைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜனால் அளப்பது) 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். நாளொன்றுக்கு 1,500 கிலோ சி.ஓ.டி. நீங்குகிறது என்றால் 525 கன மீட்டர். ஒரு டன் நிலக்கரிக்கு ஈடான வெப்பம். நீங்கள் எரிக்கும் 40 டன்னில் இது சிறிய பங்குதான். ஆனால் குட்டையிலிருந்து வெளியேறும் மீத்தேன் நின்றுபோவது அதைக் காட்டிலும் பெரிய நன்மை.


அமராவதிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரஸ் பகுதியை இந்தக் கோணத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை. நீராவி மீட்டருக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். விவசாயக் கழிவுக் கொதிகலனைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் தென்னை மட்டை, சீமைக்கருவேலம், நிலக்கடலைத் தொலி எல்லாம் கிடைக்கின்றன. பல்பரில் பிரிந்து வரும் பிளாஸ்டிக்கையும் அதனுடன் சேர்த்து எரிக்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொல்கிறார். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.


கொதிகலன்_அறை எழுதியது:

ஐயா, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பல்பர் பிளாஸ்டிக்கைச் சாதாரணக் கொதிகலனில் தயவுசெய்து எரிக்காதீர்கள். அதில் பி.வி.சி. கலந்திருக்கும், குளோரின் உள்ள பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உருவாகின்றன. அவை ஆலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மாட்டுத்தீவனத்திலும் படிந்து பாலுக்குள் வருபவை. கொதிகலன் குழாய்களையும் அது அரித்துவிடும். மேலும், பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்தது என்பதால் அதன் கரியமில வாயு முழுவதும் உங்கள் கணக்கில்தான் சேரும். அதை உலர்த்திக் கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்புங்கள். அங்கே சூளையின் வெப்பம் மிக அதிகம், வாயு அந்த வெப்பத்தில் தங்கும் நேரமும் நீண்டது.

விவசாயக் கழிவைப் பொறுத்தவரை, அது நல்ல வழிதான், ஆனால் இரண்டாவது வழி. நீராவித் தேவை 2 டன்னாக இருக்கும்போது கொதிகலன் வாங்கினால் அந்த அளவுக்குப் பெரிதாக வாங்குவீர்கள். பிரஸ்ஸையும் கண்டன்சேட்டையும் சரிசெய்த பிறகு 1.6 டன் போதும் என்றால், கொதிகலனும் சிறியது, ஆண்டு முழுவதும் தேடவேண்டிய எரிபொருளும் குறைவு. உயிரெரிபொருளில் கடினமானது எரிப்பதல்ல, சேகரிப்பது. நிலக்கடலைத் தொலி அறுவடைக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும், பிறகு விலை ஏறும். மழைக்காலத்தில் தென்னை மட்டை ஈரமாக வரும். ஈரத்தை ஆவியாக்குவதிலேயே அதன் வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருப்பு வைக்க இடம் வேண்டும். தென்னைக் கழிவிலும் தொலியிலும் பொட்டாசியமும் குளோரினும் கூடுதலாக இருப்பதால், சாம்பல் உருகி, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். சீமைக்கருவேலம் இவற்றைக் காட்டிலும் சீராக எரியும். நிலக்கரிக்கு வடிவமைத்த கொதிகலனில் முதலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றிப் பார்த்து, உற்பத்தியாளரிடம் கேட்டுக்கொண்டு படிப்படியாகக் கூட்டுவது நல்லது.

கணக்கில் எழுதும் முறைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உயிரெரிபொருளின் கரியமில வாயுவைப் பூஜ்யம் என்று மறைத்துவிடக் கூடாது. புதைபடிவ எரிபொருளின் வெளியேற்றத்தோடு சேர்க்காமல் தனி வரியில் காட்டவேண்டும் என்பதே உலக அளவில் பின்பற்றப்படும் விதி. அது எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வழக்கமான கணக்கில் சேரும். எங்கிருந்து வெட்டிய மரம் என்ற கேள்வியும் வரும். பட்டா நிலத்தில் மண்டிய கருவேலத்தை அகற்றி எரிப்பதையும், வேறு ஊர்த் தோப்பை வெட்டி லாரியில் கொண்டுவருவதையும் ஒன்றாகக் கருத முடியாது.

10 கிலோவை 3.5 கிலோவாகக் குறைக்கும் அந்த வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்தம் குறையும் அந்த இடத்தில் ஒரு சிறிய டர்பைனை வைத்தால், உங்கள் நீராவி ஓட்டத்துக்கு 200 கிலோவாட்டை ஒட்டி மின்சாரம் கிடைக்கும். வெளியே வரும் நீராவி வழக்கம்போல் உருளைகளுக்குப் போய்விடும். டன்னுக்கு 45 யூனிட் அளவில் வாங்கும் மின்சாரம் குறையும். அதற்காகக் கூடுதலாக எரிக்க வேண்டிய நிலக்கரி மிகக் குறைவு. புதிய கொதிகலன் வாங்கும் நாள் வந்தால் 45 கிலோ அழுத்தத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். அழுத்த வேறுபாடு பெரிதாக இருந்தால்தான் டர்பைனுக்கு முழுப் பயன்.


அளவீடு எழுதியது:

விடுபட்ட சட்டக் கேள்விக்கும், மின்சாரம் பற்றியும் சில செய்திகள்.

கார்பன் வரவு வணிகத் திட்டத்தை ஒன்றிய அரசு 2023 ஜூன் மாதம் அறிவித்தது; அதற்கு வழிவிட்டது 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம். அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு துறைகளுக்கான வெளியேற்ற இலக்குகள் 2025 அக்டோபரில் அரசிதழில் வெளியாயின. அவற்றில் மொத்தம் 282 ஆலைகள். காகிதத் துறையில் 53. 2023-24 ஆண்டின் நிலையை அடிப்படையாக வைத்து 2025-26, 2026-27 ஆண்டுகளுக்கு ஒவ்வோர் ஆலைக்கும் தனி இலக்கு கொடுத்திருக்கிறார்கள். இலக்கை மிஞ்சிக் குறைத்தவருக்கு ஒரு டன்னுக்கு ஒரு சான்றிதழ் என்று கிடைக்கும். எட்டாதவர் சந்தையில் வாங்கி ஈடுகட்ட வேண்டும், தவறினால் சான்றிதழின் சராசரி விலையைப் போல் இரண்டு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டவேண்டும். பட்டியலில் ஆலைகளின் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பெயர் இல்லையென்றால் இப்போதைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. இறக்குமதிப் பொருள்களின் வெளியேற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரியிலும் காகிதம் இதுவரை சேர்க்கப்படவில்லை. ஆகவே உங்களிடம் வந்திருப்பது சட்டத்தின் கோரிக்கை அன்று, வாங்குபவர் தன் விநியோகச் சங்கிலியின் கணக்குக்காகக் கேட்பது.

பணத்துக்கு ஒரு வழி உண்டு. சிறு, நடுத்தர ஆலைகள் ஆற்றல் சேமிக்கும் இயந்திரங்களை வாங்கக் கடன் எடுத்தால் வட்டியில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் அடீட்டி திட்டத்தை, எரிசக்தித் திறன் பணியகம் 2025 ஜூலையில் தொடங்கியது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை. காகிதம் அதில் அடங்கிய 14 துறைகளில் ஒன்று. பிரஸ் வேலைக்கு அதில் விண்ணப்பித்துப் பாருங்கள்.

மின்சாரத்தில், வெற்றிட பம்புகளையும் கூழ் பம்புகளையும் முதலில் பாருங்கள். வால்வைப் பாதி மூடி ஓட்டும் பம்பு எதுவாக இருந்தாலும் அது தேவைக்குப் பெரியது. விசிறிபோல் இயங்கும் பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகும். மீதி மின்சாரத்துக்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊர்வழியாகவே வீசுகிறது. காற்றாலை ஒன்றில் குழு முறையில் 26 சதவீதப் பங்கு வாங்கி, அதன் உற்பத்தியில் 51 சதவீதத்தை உறுப்பினர்களே பயன்படுத்தினால் அது சொந்தப் பயன்பாட்டு மின்சாரமாகக் கருதப்படும். இரவிலும் ஓடும் உங்களைப் போன்ற ஆலைக்குச் சூரிய மின்தகட்டைக் காட்டிலும் அது பொருத்தமானது. ஆனால் காற்றுக் காலம் ஆடியை ஒட்டிய சில மாதங்கள்தான் என்பதால் இரண்டும் கலந்திருப்பது நல்லது.

பெட்டி உற்பத்தியாளருக்குக் கொடுக்கும் கடிதத்தில் இப்போதைய 990 கிலோவை மறைக்காமல் எழுதுங்கள். அடுத்து, இங்கே பேசியவற்றைச் சேர்த்தால் வருவதைப் பாருங்கள்: பிரஸ் உலர்வு 50-க்கு வந்தால் டன்னுக்கு 86 கிலோ, கண்டன்சேட் 32 கிலோ, பம்புகளில் 50 யூனிட் மிச்சமானால் 35 கிலோ, சிறிய டர்பைனில் 30 கிலோவுக்கு மேல். கொதிகலனையே மாற்றாமல் 180 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இந்த எண்களை வாக்குறுதியாக எழுதாமல், மீட்டர் வைத்து ஓராண்டு அளந்த பிறகு உறுதிசெய்யப்படும் மதிப்பீடு என்று எழுதவும். வகுக்கும் எண்ணாக இயந்திரத்திலிருந்து சுற்றி எடுத்த காகிதத்தை வைக்காமல், விற்பனைக்குப் போன காகிதத்தின் எடையை வையுங்கள். ஓரம் வெட்டியதும் அறுந்து திரும்பியதும் அதில் வரக்கூடாது. டீசல் ஜெனரேட்டரையும் ஃபோர்க்லிஃப்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தாள் ஆலைக்கு வந்துசேரும் லாரிச் செலவைத் தனியாகக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் படிவத்தில் அதற்கு வேறு கட்டம் இருக்கும்.